லிஃப்ட் கிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க: ஆஃப் ரோடு வண்டிக்கு ஸ்பிரிங், ஷாக் எப்படி தேர்ந்தெடுக்குறது

வண்டியை தூக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை இன்ச் போடலாம்?" தான். ரெண்டா மூணா நாலான்னு அதுலயே நாள் கணக்கா பேசுவாங்க. அந்தக் கேள்விய கொஞ்சம் தள்ளி வைங்க. வீல் மேல எவ்வளவு ஏறுது, கீழ எவ்வளவு இறங்குது, ஸ்பிரிங் மேல எத்தனை கிலோ உக்காருது, இந்த மூணு கணக்கும் கையில இருந்தா எந்த ஸ்பிரிங் எந்த ஷாக்னு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. உயரம் கடைசியில தானா வரும்.

நான் இதை அளக்காம வாங்கித்தான் கத்துக்கிட்டேன். நீளமான ஷாக்னா டிராவல் அதிகம்னு நினைச்சு, விரிஞ்ச நீளத்தை மட்டும் பாத்து பின்பக்கத்துக்கு ரெண்டு வாங்கி மாட்டினேன், மாட்டும்போது ஒரு பிரச்சனையும் தெரியல. மூணாவது நாள் காய்ஞ்ச ஓடை ஒண்ணுல இறங்கும்போது பின்னாடி இடது பக்கம் டங்குனு ஒரு சத்தம், இரும்போட இரும்பு மோதுற சத்தம். கீழ படுத்து டார்ச் அடிச்சு பாத்தா ஷாக்கோட மேல் பின் வளைஞ்சு கிடக்கு, அதுல இருக்குற ரப்பர் புஷ் பிதுங்கி வெளிய வந்திருக்கு. பக்கத்துல பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்ஸில் மேல வந்து சேசிஸ்ல இடிக்காம தடுக்குற ரப்பர், அது மேல படிஞ்சிருந்த தூசி மட்டும் கலையாம அப்படியே இருந்துச்சு. அதாவது ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பை தொடுறதுக்கு முன்னாடியே ஷாக் முழுசா மடங்கி முட்டியிருக்கு, அந்த மூலையோட மொத்த அடியையும் விரல் தடிமன் பின் ஒண்ணு வாங்கியிருக்கு. மடங்கின நீளத்தை ஒரு தடவை டேப் வச்சு பாத்திருந்தா இது நடந்தே இருக்காது.

லிஃப்ட் வேற, டிராவல் வேற

லிஃப்ட்னா பாடி உயரமா நிக்கிறது. டிராவல்னா வீல் மேலயும் கீழயும் போற மொத்த தூரம். மேல போறத பம்ப்னும், கீழ தொங்குறத ட்ரூப்னும் சொல்லுவாங்க. ஸ்பிரிங் மேல ஒரு ஸ்பேசர் வச்சு 50 மிமீ தூக்கிட்டு பழைய ஷாக்கையே விட்டீங்கன்னா டிராவல் ஒரு மிமீ கூட கூடல, ஷாக்கோட நீளம் அதேதானே, முன்னாடி 100 மிமீ கீழ தொங்கின வீல் இப்ப 50 தான் தொங்கும். பாக்க உசரமா இருக்கும், ஆனா ஒரு பள்ளத்துல வீல் சீக்கிரம் அந்தரத்துல நிக்கும். வீல் தரையை விட்டா பிடிப்பு போச்சு, லாங் டிராவலுக்கு ஆளுங்க இவ்வளவு மெனக்கெடுறதே வீல் தரையை விடக் கூடாதுன்னுதான்.

இன்னொரு விஷயமும் புதுசா வர்றவங்களுக்கு தெரியறதில்ல. ரிஜிட் ஆக்ஸில் (ரெண்டு பக்க வீலையும் ஒரே தண்டு இணைக்கிறது) வண்டில ஸ்பிரிங் மாத்தி எவ்வளவு தூக்கினாலும் டிஃப்ரன்ஷியல் குடம் தரையில இருந்து அதே உயரத்துலதான் இருக்கும், அதை தூக்குறது டயர் மட்டும்தான், அதுவும் டயரோட விட்டம் கூடுறதுல பாதி. லிஃப்ட் பெரிய டயருக்கு இடம் குடுக்கும், முன்பின் பம்பர் கோணத்தையும் நடு வயித்தையும் உசத்தும்.

தூக்கத் தூக்க வண்டி கவுறதும் சுலபமாகும். ரெண்டு பக்க வீலுக்கு நடுவுல 1500 மிமீ, எடையோட மையம் தரையில இருந்து 700 மிமீ-ன்னு வைங்க, கணக்குப்படி 47 டிகிரி பக்கவாட்டு சரிவு வரைக்கும் நிக்கும். அதே வண்டிய 75 மிமீ தூக்கினா 44 டிகிரி. இது அசையாம நிக்கிற வண்டிக்கு, ஸ்பிரிங் சாயுறதை சேக்காம போட்ட கணக்கு, நிஜத்துல ரெண்டுமே இதைவிட குறைவாத்தான் வரும். அதனால என் கருத்து: முதல் தடவை போடுறவங்க 50 மிமீ கிட்டயே நில்லுங்க. அதுக்கு மேல போனா ஸ்டியரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக்குன்னு ஒவ்வொண்ணா மாத்த வேண்டியிருக்கும்.

படி 1: உங்க வண்டில என்ன இருக்குன்னு பாருங்க

ரேங்ளர், ஜிம்னி, பழைய லேண்ட் குரூஸர் 80 இதெல்லாம் முன்னாடி பின்னாடி ரெண்டுமே ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். இந்த மாதிரி வண்டிலதான் லாங் டிராவல் சுலபம், ஆக்ஸில் ஒரு பக்கம் ஏறினா இன்னொரு பக்கம் தானா இறங்கும். 1970-ல வந்த முதல் ரேஞ்ச் ரோவர் நாலு மூலைக்கும் நீளமா, மெத்துனு இருக்குற காயில் போட்டு வந்துச்சு, ரோட்டுலயும் சொகுசு காட்டுலயும் பிடிப்புன்னு பேர் வாங்கினதுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்ல முன்னாடி ஐஎஃப்எஸ், அதாவது ரெண்டு பக்கமும் தனித்தனி ஆர்ம், பின்னாடி லீஃப் ஸ்பிரிங். ஐஎஃப்எஸ்-ல டிராவலை முடிவு பண்றது ஸ்பிரிங்கோ ஷாக்கோ இல்ல, சிவி ஜாயிண்ட்டும் (வீலுக்கு சுழற்சிய கொண்டு போற தண்டுல வளையுற மூட்டு) பால் ஜாயிண்ட்டும் (ஆர்மையும் வீலையும் இணைக்கிற மூட்டு) எந்த கோணம் வரைக்கும் தாங்கும்ங்கிறதுதான். நிஜமான லாங் டிராவல் வேணும்னா நீளமான ஆர்ம், நீளமான ஆக்ஸில் ஷாஃப்ட், அகலமாகுற டிராக்னு மொத்தமா மாறணும். வெறும் காயிலும் ஷாக்கும் உள்ள பெட்டி மேல லாங் டிராவல்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க, அதுல நல்ல ஷாக் இருக்கலாம், டிராவல் கொஞ்சம்தான் கூடும். ஸ்ட்ரட் மேல ஸ்பேசர் வச்சு ஐஎஃப்எஸ்-ஐ தூக்குறது இன்னும் மோசம், ஸ்ட்ரட் மொத்தமா கீழ தள்ளப்படும், வீல் தொங்கும்போது பால் ஜாயிண்ட்டும் சிவியும் தாங்குற கோணத்தை தாண்டிப் போகும்.

படி 2: எடை போடுங்க

இதை யாரும் பண்றதில்ல, ஆனா ஸ்பிரிங் தேர்வே இங்கதான் இருக்கு. டூர் போகும்போது எப்படி போவீங்களோ அப்படியே ஏத்துங்க, பெட்ரோலோ டீசலோ ஃபுல் டேங்க், தண்ணி, கூரை மேல டென்ட், டூல் பெட்டி, ஆளுங்க உள்பட. எடை மேடையில முன் வீல் ரெண்டு மட்டும் ஏத்தி ஒரு தடவை, பின் வீல் மட்டும் ஒரு தடவை. வின்ச்சும் இரும்பு பம்பரும் அப்புறம் போடலாம்னு நினைச்சு இப்பவே அதுக்கான ஸ்பிரிங்கை வாங்கிடாதீங்க, அந்த எடை ஏறுற வரைக்கும் வண்டி மரக்கட்டை மாதிரி துள்ளும், மூக்கு மேல பாத்துக்கிட்டு நிக்கும். போட்டு முடிச்சுட்டு எடை போட்டு வாங்குங்க.

எப்பவும் வண்டிலயே இருக்குற எடை எவ்வளவு, எப்பவாவது ஏத்துற எடை எவ்வளவுன்னு பிரிச்சு எழுதுங்க. ஸ்பிரிங்கை எப்பவும் இருக்குற எடைக்குத்தான் வாங்கணும். எப்பவாவது ஏறுற பாரத்துக்கு பின்பக்க காயிலுக்குள்ள ஏர்பேக் வச்சு சமாளிக்கலாம். லீஃப் ஸ்பிரிங் பிக்கப்புக்கு ஏர்பேக் வைக்கிறவங்க மட்டும் கவனம், பாரம் ஒரே புள்ளியில சேசிஸை தள்ளும், ஓவர்லோடும் பள்ளமும் சேந்தா சேசிஸே வளைஞ்சிருக்கு.

படி 3: ஸ்பிரிங் கணக்கு

ஒரு உதாரணம் போட்டு காட்டுறேன், ரிஜிட் ஆக்ஸில்னே வைப்போம். முன்பக்கம் மொத்தம் 1200 கிலோ, ஒரு பக்கத்துக்கு 600. அதுல டயர், ரிம், ஆக்ஸில் பாதி, பிரேக் இதெல்லாம் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்கு, அந்த எடை ஸ்பிரிங் மேல ஏறாது, அது 90 கிலோன்னு கழிச்சா 510 கிலோ. இதை நியூட்டனா மாத்தினா சுமார் 5000. ஒரு மிமீ அமுங்க 30 நியூட்டன் கேக்குற (இதைத்தான் ஸ்பிரிங் ரேட்னு சொல்லுவாங்க) ஸ்பிரிங்கை போட்டா 5000 வகுத்தல் 30, அதாவது 167 மிமீ அமுங்கி நிக்கும். ஸ்பிரிங்கோட தனி நீளம் 420 மிமீ-ன்னா வண்டில 253 மிமீ-ல உக்காரும். உங்க பழைய ஸ்பிரிங் வண்டில எத்தனை மிமீ-ல நிக்குதுன்னு அளந்து இதோட ஒப்பிட்டா லிஃப்ட் எவ்வளவு வரும்னு தெரிஞ்சிடும். கேட்டலாக்ல பவுண்ட், இன்ச் கணக்கு இருந்தா பயப்படாதீங்க, நியூட்டன் நம்பரை 5.7-ஆல பெருக்குங்க, 30-ங்கிறது சுமார் 171 பவுண்ட்.

ஒரே உயரத்தை ரெண்டு விதமா கொண்டு வரலாம்: கெட்டியான குட்டை ஸ்பிரிங், இல்லன்னா இளகுன நீள ஸ்பிரிங். காட்டுல வீல் நல்லா தொங்கணும்னா ரெண்டாவதுதான் வேணும். கெட்டி ஸ்பிரிங் கொஞ்சம் தொங்கினதுமே தளர்ந்துடும், தளர்ந்த ஸ்பிரிங் டயரை தரையில அழுத்தாது. மேல சொன்ன உதாரணத்துல 167 மிமீ தொங்கினாத்தான் ஸ்பிரிங் முழுசா தளரும், நல்ல கணக்கு அது. அதைவிட அதிகமா தொங்குற மாதிரி ஷாக் போட்டா காயில் சீட்டை விட்டு நகரும், அப்ப கீழ் சீட்டுல கிளாம்ப் போட்டு பிடிச்சு வைக்கணும், இல்லன்னா ஸ்பிரிங் கோணலா உக்காந்துட்டு வரும்.

அமுக்குற பக்கமும் பாக்கணும். காயிலோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டா அது ஸ்பிரிங் இல்ல, இரும்புக் குழாய். கம்பி தடிமன் 16 மிமீ, 8 சுத்துன்னா 128 மிமீ-ல ஒட்டிடும். 253-ல நிக்கிற ஸ்பிரிங்குக்கு 125 மிமீ தான் மேல போக இடம். அந்த இடம் தீர்றதுக்கு முன்னாடியே பம்ப் ஸ்டாப் வேலையை முடிச்சிடணும்.

ஐஎஃப்எஸ்-ல ஒரு சிக்கல் கூடுதல். ஸ்பிரிங் வீல்ல இல்ல, ஆர்மோட நடுவுல எங்கயோ நிக்குது. வீல் 100 மிமீ ஏறும்போது ஸ்பிரிங் 50 தான் அமுங்குதுன்னா, வீல்ல தெரியுற கெட்டித்தனம் ஸ்பிரிங் கெட்டித்தனத்துல பாதி இல்ல, கால்வாசி, ஏன்னா அந்த விகிதத்தை ரெண்டு தடவை பெருக்கணும். அதனாலதான் ஐஎஃப்எஸ் காயிலோட நம்பர் பயமுறுத்துற அளவுக்கு பெருசா இருக்கும், அதைப் பாத்து கெட்டின்னு முடிவு பண்ணாதீங்க.

லீஃப்ல நீளமா, மெல்லிசா, நிறைய இலை இருக்குற செட் நல்லா வளையும். இருக்குற செட்டுல தடியா ஒரு இலை சேத்து தூக்குறது மலிவு, ஆனா கல்லு மாதிரி ஆகிடும். ஷாக்கிளை (லீஃபோட ஒரு முனையை சேசிஸோட இணைக்கிற ஆடுற பட்டை) 50 மிமீ நீட்டினா 25 தான் உசரும், அந்தப் பாதிக் கணக்கை மறந்துட்டு நிறைய பேர் ஏமாறுறாங்க. முன் ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் நடுவுல கட்டை வச்சு தூக்குறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, பிரேக் அடிக்கும்போது வர்ற முறுக்குல கட்டை நழுவினா ஸ்டியரிங்கே போயிடும்.

படி 4: பம்ப்பும் ட்ரூப்பும் அளக்குறது

ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஒதுக்கிடுங்க. சமமான தரை, சேசிஸுக்கு கீழ ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்கு கீழ ஜாக்கி. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு கீழ தலைய விடாதீங்க, அமுக்கி வச்ச காயில் ஆளையே அடிச்சுத் தள்ளும், காயிலை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாம கழட்டாதீங்க.

வண்டி தரையில நிக்கும்போது மேல் மவுண்ட்ல இருந்து கீழ் மவுண்ட் வரைக்கும் ஷாக் இருக்குற தூரத்தை முதல்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் ஸ்பிரிங், ஷாக் ரெண்டையும் கழட்டிட்டு, பம்ப் ஸ்டாப்பையும் எடுத்துட்டு அதோட பாதி உயரத்துக்கு ஒரு மரத்துண்டை அங்க வைங்க, வேகமா அடி வாங்கும்போது ரப்பர் பாதி வரைக்கும் கூட நசுங்கும்ங்கிறதுக்காக. ஆக்ஸிலை மரத்துண்டு தொடுற வரைக்கும் தூக்கி அளங்க, அது பம்ப். அப்புறம் ஜாக்கிய இறக்கிக்கிட்டே வாங்க, பிரேக் ஹோஸ் இழுக்குதா, ஏபிஎஸ் வயர் இழுக்குதா, புரொப்பல்லர் ஷாஃப்ட் கழண்டு வருதான்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே, எது முதல்ல இழுக்குதோ அங்க நிறுத்தி அளங்க, அது இப்போதைய ட்ரூப். ஒரு பக்கம் மட்டும் தூக்கி இன்னொரு பக்கம் தொங்கவிட்டும் இதே அளவை எடுங்க, ரிஜிட் ஆக்ஸில் குறுக்கா சாயும்போது ரெண்டும் சேந்து தொங்குறதைவிட ஒரு பக்கம் அதிகமா இறங்கும்.

பம்ப்ல 430, நிக்கும்போது 545, ட்ரூப்ல 650 மிமீ-ன்னு வந்துச்சுன்னு வைங்க. இப்ப தேட வேண்டிய ஷாக், மடங்கும்போது 415-க்கும், விரியும்போது 670-க்கும் பக்கத்துல இருக்கணும். மடங்குறதுல 15 மிமீ மிச்சம், விரியுறதுல 20 மிமீ மிச்சம். இதுல எது முக்கியம்னு கேட்டா மடங்குறதுதான், அது தப்பினா மவுண்ட் கிழியும். ட்ரூப் பக்கம் லிமிட் ஸ்ட்ராப் ஒண்ணு கட்டி ஷாக் முழுசா விரியுறதுக்கு முன்னாடி அது பிடிக்கிற மாதிரி விடலாம். மேல 115, கீழ 105, கிட்டத்தட்ட சரிபாதி, எல்லா இடத்துக்கும் ஒத்து வரும். கல்லு மேல மெதுவா ஏறுறவங்களுக்கு கீழ கொஞ்சம் கூட இருந்தா நல்லது, மண் ரோட்டுல வேகமா போறவங்களுக்கு மேல கூட வேணும்.

படி 5: ஷாக்

வண்டியை தாங்குறது ஸ்பிரிங், ஷாக் அந்த ஆட்டத்தை அடக்கி சூடா மாத்தி வெளிய விடுது. ஆயில் சின்ன ஓட்டை வழியா போகும்போது சூடாகும், சூடு ஏற ஏற ஆயில் மெலிசாகும், காத்துக் குமிழும் கலந்தா நுரைக்கும், அப்ப ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி. அலை அலையா கிடக்குற மண் ரோட்டுல ஒரு மணி நேரம் விடாம ஓட்டிட்டு ஷாக் பாடி பக்கத்துல கைய கொண்டு போனாலே சூடு அடிக்கும், தொட்டா சுடும்.

ட்வின் டியூப்ல ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய், வெளிக் குழாய்ல கல்லு பட்டு நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும், மெத்துனு இருக்கும், மலிவு. சூடு சீக்கிரம் வெளிய போகாது. ஃபோம் செல்னு ஒரு வகை, ட்வின் டியூப்தான், காத்துக்கு பதிலா ஸ்பாஞ்ச் மாதிரி ஒண்ணு இருக்கும், நுரைக்கிறது குறையும், டூர் வண்டிக்கு நான் பரிந்துரைக்கிறது இது. மோனோ டியூப்ல ஒரே குழாய், ஆயிலுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவுல மிதக்குற பிஸ்டன், சூடு சீக்கிரம் ஆறும், ஆனா குழாய்ல ஆழமா ஒரு சொட்டை விழுந்தா பிஸ்டன் அங்கயே சிக்கிக்கும். 200 பிஎஸ்ஐ கேஸ் இருக்குற 22 மிமீ ராட், கேஸ் அழுத்தத்துலயே 50 கிலோ கிட்ட வெளிய தள்ளும், அதனால மோனோ டியூப் போட்டதும் வண்டி சில மிமீ உசரமா நின்னா ஆச்சரியப்படாதீங்க. ரிமோட் ரிசர்வாயர் எல்லாம் வேகமா, தொடர்ச்சியா ஓட்டுறவங்களுக்கு. மெதுவா கல்லு ஏறுறவங்களுக்கு ஷாக் சூடாகவே ஆகாது, அந்த காசை டயர்ல போடுங்க.

வாங்கும்போது கேக்க வேண்டிய ஒரே கேள்வி: "இது எந்த ஸ்பிரிங் ரேட்டுக்கு, எவ்வளவு எடைக்கு வால்வ் பண்ணது?" வால்வ் பண்றதுன்னா ஷாக் எவ்வளவு அடக்கணும்னு உள்ள செட் பண்றது. இதுக்கு பதில் வரலன்னா வேற இடம் பாருங்க. கெட்டி ஸ்பிரிங் வேகமா விரியும், அதை இழுத்து பிடிக்க ரீபவுண்ட் (விரியும்போது ஷாக் காட்டுற எதிர்ப்பு) கூட வேணும், அதனாலதான் புது ஸ்பிரிங்கோட கம்பெனி ஷாக்கை விட்டா வண்டி படகு மாதிரி ஆடுது. அட்ஜஸ்டர் இருக்குற ஷாக்ல லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடுன்னு எழுதியிருந்தா அது ராட் நகர்ற வேகம், வண்டியோட வேகம் இல்ல.

ஷாக் எந்த சாய்வுல நிக்குதுன்னும் பாருங்க. நேரா நிக்கிற ஷாக்கோட அடக்குற திறன் நூறுன்னா, 30 டிகிரி சாஞ்சா வீல்ல 75 தான் தெரியும், 45 டிகிரில பாதி. லிஃப்டுக்கு அப்புறம் இந்த சாய்வு மாறும்.

படி 6: சுத்தி இருக்குறது

நீள பிரேக் ஹோஸ், ஆக்ஸில் பிரீதர் குழாய், ஸ்வே பார் லிங்க், இதெல்லாம் லிஸ்ட்ல முதல்லயே எழுதிக்கோங்க. ரிஜிட் முன் ஆக்ஸில்ல தூக்கினா காஸ்டர் (ஸ்டியரிங் திரும்புற அச்சோட பின்பக்க சாய்வு) குறையும், ஸ்டியரிங் நேரா நிக்காம அலையும், அதுக்கு காஸ்டர் புஷ்ஷோ புது ஆர்மோ வேணும். ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பேன்ஹார்டு ராடு, தூக்கினதும் ஆக்ஸிலை ஒரு பக்கமா இழுக்கும், அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ராடு போட்டு நடுவுக்கு கொண்டு வாங்க. அந்த ராடும் டிராக் லிங்கும் (drag link, ஸ்டியரிங் பெட்டியில இருந்து வீல் பக்கம் போற கம்பி) ஒரே சாய்வுல இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்டியரிங் கையை இழுக்கும்.

பின் ஆக்ஸில்ல இருந்து ஒரு சின்ன கம்பி பிரேக் வால்வுக்கு போற வண்டிகள் இருக்கு, பாரம் எவ்வளவுன்னு பாத்து பின் பிரேக்கை கூட்டி குறைக்கிற வால்வு அது. லிஃப்ட் போட்டதும் பாடி உசந்து நிக்கும், வண்டி காலியா இருக்குன்னு அந்த வால்வு நினைச்சு பின் பிரேக்கை குறைச்சிடும். ஒரு சின்ன பிராக்கெட்ல சரியாகுற வேலை, ஆனா லிஃப்ட் கிட் வாங்கின நிறைய பேருக்கு அப்படி ஒரு கம்பி இருக்குறதே தெரியாது. ஹெட்லைட் கோணமும் அலைன்மென்ட்டும் அன்னைக்கே பண்ணிடுங்க. உங்க ஊர்ல லிஃப்டுக்கு என்ன விதின்னு, இன்சூரன்ஸுக்கு சொல்லணுமான்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

படி 7: மாட்டினதுக்கு அப்புறம்

ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்துல தொங்கும்போது முறுக்கிடாதீங்க. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிடும், வண்டிய இறக்கினதும் முறுக்கிக்கிட்டே இருக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். கையால தளர்வா விட்டு, வண்டிய நாலு கால்ல நிக்க வச்சு, நாலு தடவை அமுக்கி விட்டுட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச் போடுங்க. காயில் ரெண்டும் ஒரே நீளம்னு நினைக்காதீங்க, டிரைவர் பக்கத்துக்கு தனி ஸ்பிரிங் வர்ற வண்டி நிறைய, லேபிளை பாத்து மாட்டுங்க. லீஃப்னா யு போல்ட்டை சில நூறு கிலோமீட்டர் கழிச்சு திரும்ப முறுக்கணும். உயரத்தை தரையில இருந்து அளக்காம வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க, புது ஸ்பிரிங் முதல் சில வாரத்துல கொஞ்சம் உக்காரும்.

வேகத்தடை ஒண்ணுல நிதானமா ஏறி இறங்கிப் பாருங்க. எழுந்து, ஒரே மூச்சுல அடங்கினா சரி. ரெண்டு மூணு தடவை ஆடினா ரீபவுண்ட் பத்தல. வரிசையா குழி இருக்குற இடத்துல போகப் போக வண்டி தாழ்ந்துக்கிட்டே வந்து கடைசியில கல்லு மாதிரி அடிச்சா ரீபவுண்ட் அதிகம், ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவுல வீல் கீழ இறங்க நேரமே கிடைக்கல.

அப்புறம் ஒவ்வொரு ஷாக் ராட்லயும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டை கட்டுங்க, பாடியை ஒட்டி, தள்ளினா நகர்ற மாதிரி. ஷாக் மடங்கும்போது பாடி அந்த டையை தள்ளிட்டு போகும், திரும்ப விரியும்போது டை அங்கயே நின்னுடும். ஒரு நாள் காட்டுல நீங்க வழக்கமா ஓட்டுற மாதிரி ஓட்டிட்டு வந்து படுத்து பாருங்க. டை ராட்டோட கடைசியில போய் நசுங்கி கிடந்தா ஷாக் முட்டுது, பம்ப் ஸ்டாப்பை நீட்டணும். ராட்ல பாதி கூட தாண்டலன்னா ஸ்பிரிங் கெட்டி, இல்லன்னா கம்ப்ரஷன் (மடங்கும்போது ஷாக் காட்டுற எதிர்ப்பு) அதிகம். கடைசிக்கு 15, 20 மிமீ முன்னாடி டை நின்னு, பம்ப் ஸ்டாப் மேல தூசி அழிஞ்சு ஒரு தொட்ட தடம் தெரிஞ்சா எதையும் மாத்தாதீங்க, அப்படியே ஓட்டுங்க.